லா சப்பலுக்கு மன்னிப்புக் கேட்கப் போன கதை

2019 மே மாதத்தின் முதல் வாரம், ஐந்து நாள் பாரிஸில் இருந்தேன். ஈஃபில் கோபுரத்தை மோன்மார்த் குன்றின் மேலிருந்து ஒருமுறை தூரத்தில் பார்த்தேன். கிட்டே போகவில்லை. அருங்காட்சியகம் எதற்குள்ளும் நுழையவில்லை. பெரும்பாலான நேரத்தை லா சப்பல் என்ற பகுதியிலேயே கழித்தேன். வடக்குப் பாரிஸில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம் அது. "பாரிஸ் வரைக்கும் போய் அங்கேயும் வடையா" என்று கேட்ட நண்பர்களுக்காகவும், அந்தப் பக்கம் போகத் திட்டமிடும் வாசகர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

கொஞ்சம் முன்கதை உண்டு. ரயில் கட்டணம் மட்டும் வேண்டும் என்பவர்கள் ஐந்து பத்தி தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கோயமுத்தூரில் நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் குடும்பம் மார்மன் சபையில் சேர்ந்தது. அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவ வழி அது. பைபிளோடு இன்னொரு வேத நூலும் அவர்களுக்கு உண்டு. தேநீர், காபி, மது, புகை நான்கும் ஆகாது. காபி கொடுக்காத வீடு என்று ஆனதும் எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வந்து போவதைக் குறைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே குடித்துவிட்டு வந்தார்கள்.

சபையின் இளைஞர்கள் இரண்டு ஆண்டு வீட்டை விட்டுப் போய் ஊழியம் செய்வது வழக்கம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை. இருவர் இருவராகக் கதவு தட்ட வேண்டும். பட்டையில் பெயருக்கு முன்னால் "எல்டர்" என்று இருக்கும். மூத்தவர் என்று பொருள். எனக்கு வயது இருபத்தொன்று. 2009இல் சென்னை வளசரவாக்கத்தில் அப்படித் தட்டிய ஒரு கதவைச் சந்திரன் அண்ணா திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது முப்பத்தைந்து வயது. பிரான்ஸில் இருந்த தமையனிடம் போய்ச் சேர விசாவுக்காகக் காத்திருந்தார். வெயிலில் நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வாரம் மூன்று நாள் போனோம். நாலு மாதத்தில் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். தண்ணீரில் அவரை முழுக்கி எடுத்தது நான்தான். இரண்டு ஆண்டு ஊழியத்தில் நான் முழுக்குக் கொடுத்தது அவர் ஒருவருக்குத்தான். தேநீரைக் கைவிட அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த ஆண்டு பிரான்ஸ் போய்விட்டார்.

2015இல் நான் சபையை விட்டு விலகினேன். பெரிய சண்டை ஏதும் இல்லை. யாரும் என்னை விரட்டவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்து, விருப்பம் உள்ளவர்கள் எழுந்து போய் ஒலிபெருக்கி முன் சாட்சி சொல்வார்கள். "இந்தச் சபை உண்மையென்று எனக்குத் தெரியும்" என்று சொல்வது வழக்கம். சிறு வயதிலிருந்து நானும் சொன்னதுதான். வரலாறு, வேத நூல் எங்கிருந்து வந்தது, சபையைத் தெரியாமலே செத்துப்போன எங்கள் தாத்தா பாட்டிகளின் கதி என்ன என்று சில ஆண்டுகளாகக் கேள்விகள் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிறு எழுந்து போனேன். "எனக்கு" என்று ஆரம்பித்தேன். "தெரியும்" வரவில்லை. "உண்மையாக இருக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பின் ஒன்பது மாதம் இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

உள்ளே இருக்கும்போது வரும் சந்தேகம் வேறு. வெளியே வந்தபின் வருவது வேறு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வதென்று தெரியாது. சாப்பாட்டுக்கு முன் கை தானாகக் கட்டிக்கொள்ளும். இருபத்தேழு வயதில் காந்திபுரம் பேக்கரி ஒன்றில் வாழ்க்கையின் முதல் டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே கடக்கக்கூடியவை. ஒன்று மட்டும் சிரிக்க விடவில்லை. எனக்கே தெரியாத ஒன்றைத் தெரியுமென்று சொல்லி ஒரு மனிதரைத் தண்ணீரில் இறக்கினேனே, அவர் கதி என்ன? வருடத்துக்கு இரண்டு முறை அவரிடமிருந்து செய்தி வரும். "சபைக்குப் போறீங்களாண்ணா" என்று கேட்பேன். "ஓம் எல்டர், கிழமைக்குக் கிழமை" என்பார், வாரா வாரம் போகிறாராம். "நீங்கள்?" என்பார். "நானும்" என்பேன். விலகி நான்கு ஆண்டுக்குப் பிறகும் "நானும்"தான்.

அந்த ஆண்டு அலுவலக விடுமுறை ஒன்பது நாள் சேர்ந்தது. நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இனிப் பயணம். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போய் வர 41,600 ரூபாய். ஷெங்கன் விசாவுக்கு 60 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய 78 ரூபாய். வியாழன் விடிகாலை 4.10க்குக் கிளம்பி, பாரிஸ் நேரம் பகல் 1.40க்கு இறங்கினேன். விமானம் ஏறும்போது பழக்க தோஷத்தில் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்து, பாதியில் ஞாபகம் வந்து, சரி ஆரம்பித்ததை முடித்துவிடுவோம் என்று முடித்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர் பி ரயிலில் கார் து நோர் நிலையம் 35 நிமிடம், 10.30 யூரோ. இங்கே ஒரு தவறு செய்தேன். நவிகோ என்ற வாராந்திர அட்டை 22.80 யூரோதான், அட்டைக்கு 5 யூரோ தனி. விமான நிலைய ரயில் உட்பட எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்கான கணக்கு. நடப்பு வாரத்துக்கு வியாழன் வரைதான் கிடைக்கும். நான் வந்ததே வியாழன், வாங்கியிருக்கலாம். தெரியாமல் தனித்தனியாகச் சீட்டு வாங்கினேன். நீங்கள் வாங்குங்கள், ஒரு சிறிய புகைப்படமும் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டாவது தவறு, மே மாதம் என்றால் கோடை என்று நினைத்தது. காலையில் 6 டிகிரி. நான் கொண்டுபோனது அரைக்கைச் சட்டை நான்கு.

கார் து நோரிலிருந்து லா சப்பலுக்கு நடந்தே போகலாம், ஆறேழு நிமிடம். மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ ஓடும். அதன் கீழே சாலையைக் கடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொடங்கிவிடும். நகைக்கடை, சேலைக்கடை, முடிதிருத்தகம், மொழிபெயர்ப்பு அலுவலகம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடை. முருங்கைக்காய் ஒரு கட்டு 3.50 யூரோ என்று பார்த்ததும் மனம் தானாக 78ஆல் பெருக்கியது. அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டினி கிடக்க வேண்டிவரும். என் விடுதி அங்கிருந்து நான்கு நிமிடம். இரவுக்கு 64 யூரோ, ஐந்தாம் மாடி, மின்தூக்கி கிடையாது. அறையில் கட்டிலும் நானும் இருந்தோம், பெட்டிக்கு இடமில்லை. சுத்தமாக இருந்தது.

வெள்ளி காலை பத்தரைக்கு சந்திரன் அண்ணாவின் கடையைத் தேடிப் போனேன். பாரிஸ் வருகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் எழுத்திலேயே உளறிவிடுவேன் என்ற பயம். எட்டு ஆண்டு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில், அதாவது சமையலறையில், வேலை பார்த்துவிட்டு, முந்தைய ஆண்டுதான் சொந்தமாகச் சிறு பலகாரக் கடை போட்டிருந்தார். உள்ளே கறி வைத்துப் பொரித்த ரோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை, வாழைப்பழம் பிசைந்த மாவில் பொரித்த வாய்ப்பன். மேசை மூன்று. கதவைத் திறந்தபோது அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். தலையில் நரை. மற்றபடி அதே ஆள்தான்.

என்னைப் பார்த்தார். இரண்டு நொடி. கையிலிருந்த கண்ணாடிக் குவளையை மெதுவாக நகர்த்தி, வெந்நீர்க் குடுவைக்குப் பின்னால் வைத்தார்.

"எல்டர்," என்றார். "என்ன, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறியள்?"

"சும்மா உங்களைப் பார்க்கத்தானுங்கண்ணா."

கல்லாவைச் சுற்றி வந்து கட்டிப்பிடித்தார். சட்டையில் ஏலக்காயும் தேயிலையும் மணத்தன. விடுதியில் அரை மணி முன்பு நான் குடித்த டீயின் மணம் என் வாயிலும் இருந்திருக்கும். உட்கார வைத்தார். ரோல்ஸ் இரண்டு வந்தது. "குடிக்க என்ன தர? ஆரஞ்சு ஜூஸ் இருக்குது, பால் இருக்குது," என்றார். பால் என்றேன். அவரும் தனக்கு ஒரு பால் ஊற்றிக்கொண்டார். இரண்டு பேரும் அந்தக் குளிரில் பாலைக் குடித்துக்கொண்டு, சபை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டோம்.

"சனம் வருதோ அங்கை?"

"பரவாயில்லீங்கண்ணா. இங்கே?"

"இஞ்சையும் பரவாயில்லை."

இப்படி இருபது நிமிடம் போயிருக்கும். அப்போது வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். கட்டட வேலை உடுப்பு. கல்லாவை எட்டிப் பார்த்து, "என்ன சந்திரன் அண்ணை, தேத்தண்ணியை ஊத்தி வைச்சிட்டு ஆற விட்டிட்டியள். இண்டைக்கு இது எத்தினையாவது?" என்றார்.

சந்திரன் அண்ணா வேகமாக வடையை எடுத்துப் பையில் போட்டார். வந்தவர் வடை வாங்கிக்கொண்டு போனார். கதவு மூடியது.

"எல்டர்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"நானும் ஒண்ணு சொல்லணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"நான் முதல் சொல்லுறன். இல்லாட்டிப் பிறகு சொல்ல மாட்டன். நான் சபைக்குப் போறேல்லை. இஞ்சை வந்து மூண்டு மாதம் போனனான். பிறகு குசினியிலை ஞாயிற்றுக்கிழமைதான் கனக்க வேலை. விட்டிட்டன். ஒன்பது வரியமா உங்களுக்குப் பொய் எழுதினனான். நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லித் தந்தது, உங்கடை மனம் நோகும் எண்டு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க முடியவில்லை. அவர் பயந்துவிட்டார். நானும் நான்கு ஆண்டாகப் போகவில்லை, அந்தப் பக்கமே இல்லை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்லி முடித்தபோது, அவர் எழுந்து போய், குடுவைக்குப் பின்னாலிருந்த குவளையை எடுத்து ஆறிய தேநீரைத் தொட்டியில் கொட்டினார். புதிதாக இரண்டு ஊற்றினார். தேயிலைச் சாயம் கடும் கறுப்பு, ஒரு துண்டு இஞ்சி, கூடவே சீனி தனியாக. ஒரு யூரோ இருபது சதம் என்று பலகையில் இருந்தது. என்னிடம் வாங்கவில்லை.

"உங்களை நான் ஏமாத்திட்டேன்னு நினைச்சேனுங்கண்ணா," என்றேன்.

"எதிலை ஏமாத்தினது?"

"தெரியாததைத் தெரியும்னு சொன்னேனே."

"எல்டர், அந்த நேரம் எனக்கு ஆரும் இல்லை. அறைக்குள்ளை சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். என்னைத் தேடி வந்த ஆக்கள் நீங்கள் ரெண்டு பெடியள்தான். நீங்கள் எந்தச் சாமியைச் சொல்லியிருந்தாலும் நான் ஓம் எண்டிருப்பன். நாலு மாதம் வந்தியளே, அது பொய்யில்லைத்தானே?"

இதைக் கேட்டதும் பத்தாண்டுச் சுமை இறங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்குது. நான் போறேல்லை. மனுசி போறா."

அவர் மனைவி றெஜினா அக்கா மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். 2011இல் திருமணமாகி பிரான்ஸ் வந்தவர். நான் சென்னையில் கொடுத்த தமிழ் வேத நூல் சந்திரன் அண்ணாவின் பெட்டிக்கு அடியில் கிடந்திருக்கிறது. அதை எடுத்துப் படித்தவர் இவர். 2013இல் ஞானஸ்நானம் எடுத்து, அன்று முதல் ஒரு ஞாயிறு தவறாமல் போகிறார். "நாளைக்கு வீட்டை சாப்பிட வாங்கோ," என்றார் சந்திரன் அண்ணா. "ஆனா நீங்கள் விட்ட கதையை நீங்கள்தான் அவவுக்குச் சொல்ல வேணும். உங்கடை பேரைச் சொல்லித்தான் எங்கடை வீட்டிலை ஜெபம் தொடங்குறது."

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு கார் து நோரிலிருந்து ஆர்.இ.ஆர் டி ரயிலில் அவர்கள் வீடு இருக்கும் பியர்ஃபித் என்ற புறநகருக்குப் போனோம். கால் மணிப் பயணம். சீட்டு விலையை சந்திரன் அண்ணா என்னைப் பார்க்கவிடவில்லை, அதனால் இங்கே தர முடியவில்லை. மெட்ரோச் சீட்டு அங்கே செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிலையத்திலிருந்து பதினொரு நிமிட நடை. அடுக்குமாடி, மூன்றாம் தளம். ஆறு வயது மகள் நிலா கதவைத் திறந்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். "அம்மா நினைச்ச மாதிரி இல்லை, கட்டை எண்டு சொல்லுறாள்," என்று சந்திரன் அண்ணா மொழிபெயர்த்தார்.

றெஜினா அக்கா என்னைக் கடவுளே வந்த மாதிரி வரவேற்றார். இடியப்பம், சொதி, மீன் குழம்பு, கணவாய்ப் பொரியல். "எல்டர் ஜெபம் சொல்லுவார்," என்று கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நிலாவும் மூடினாள். சந்திரன் அண்ணா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் சொன்னேன். "அக்கா, நான் சொல்றது சரியா இருக்காதுங்க. நான் சபையை விட்டு நாலு வருஷம் ஆச்சு."

அவர் கண்ணைத் திறந்தார். "ஏன்?"

ஒலிபெருக்கி முன் வார்த்தை வராமல் நின்ற கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப இவருக்கு நீங்கள் சொன்னதெல்லாம் பொய்யோ?"

"அப்போ தெரியும்னு நினைச்சுத்தான் சொன்னேனுங்க. இப்போ தெரியலை." அதோடு நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கேட்கவென்றே கடல் தாண்டி வந்தவன், நிறுத்தவில்லை. "உங்ககிட்டேயும் மன்னிப்புக் கேட்கணும். அந்தப் புத்தகத்தை நான் கொடுக்காம இருந்திருந்தா, உங்களுக்கு இந்த..."

"பொறுங்கோ," என்றார். குரல் உயரவில்லை. "எனக்கு என்னத்துக்கு மன்னிப்பு? நான் என்ன குழந்தைப்பிள்ளையோ? நீங்கள் தந்தபடியாலை நம்பினனான் எண்டு நினைக்கிறியளோ? உங்களை நான் இண்டைக்குத்தான் காணுறன். நான் படிச்சன். ரெண்டு வரியம் யோசிச்சன். என்ரை அப்பா அழுதவர், அப்பவும் நான்தான் முடிவெடுத்தன்."

தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்கள் விலகேக்கை ஆக்கள் என்ன சொன்னவை?"

"யாரோ என்னைக் குழப்பிட்டாங்கன்னு சொன்னாங்க."

"உங்களுக்கு அது நல்லாயிருந்ததோ?"

"இல்லீங்க. கோபமா வந்துச்சு. நானா யோசிச்சு எடுத்த முடிவுன்னு யாருமே ஒத்துக்கலை."

"ஓம். அதைத்தான் நீங்கள் இப்ப எனக்குச் செய்யிறியள்," என்றார். பிறகு தானே ஜெபத்தைச் சொல்லி முடித்து, என் தட்டில் நான்கு இடியப்பம் வைத்தார்.

அந்த இரவுச் சாப்பாடு எவ்வளவு ருசி என்று எழுத முடியும். ஆனால் முதல் பத்து நிமிடம் என்ன விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. நான் பொறுப்பு என்று பத்து ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் தற்பெருமை. என்னால்தான் ஒருவர் நம்பினார், என்னால்தான் ஒருவர் கெட்டார் என்று இரண்டு பக்கமும் நானே நின்றுகொண்டிருந்தேன்.

கணவாய்க்கு வந்தபோது றெஜினா அக்கா இலகுவாகியிருந்தார். "நாளைக்கு முதல் ஞாயிறு," என்றார். "உங்களுக்கு இங்கிலீஷ் வடிவா வருமே?"

"வருமுங்க."

விஷயம் இதுதான். ஆறு ஆண்டாக அவர் அந்தச் சபையில் சாட்சி சொல்வது உடைந்த பிரெஞ்சில் நான்கே வரி. தமிழில் முழுதாகச் சொல்ல ஒரு முறை ஆசை. தமிழ் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு பிரெஞ்சு அம்மா உண்டு. நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால், அவர் அதைப் பிரெஞ்சுக்கு மாற்றுவார்.

"நம்பாத ஆள் சொன்னா சரியா வருமாங்க?" என்று கேட்டேன்.

"நீங்கள் நம்ப வேண்டாம். பிழையில்லாமல் சொன்னாக் காணும்."

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு சந்திரன் அண்ணா காரோடு விடுதி வாசலில் நின்றார். உள்ளே அக்காவும் நிலாவும் இருந்தார்கள், கடைக்கு அரை நாள் பூட்டு. எங்களை இறக்கிவிட்டுக் காரிலேயே இருப்பதாகச் சொன்னார். றெஜினா அக்காவுக்கு உபவாசம். நான் வழியில் 1.10 யூரோவுக்கு குருவாசான் என்ற பிறை வடிவ ரொட்டி ஒன்று வாங்கி, அவர் பார்க்காதபடி பின் இருக்கையில் தின்றேன். நிலா பார்த்துவிட்டாள். பாதி கொடுத்ததும் பேசாமல் இருந்தாள்.

வடக்குப் புறநகரில் சாதாரணக் கட்டடம், எண்பது பேர் இருப்பார்கள். வெளியே வந்தபின் நான்கு ஆண்டில் அப்படி ஓர் அறைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. பாட்டுகளின் மெட்டு கோயமுத்தூரில் பாடிய அதே மெட்டு. சொல் புரியாததால் எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆப்பிரிக்கக் குடும்பங்கள், பிரெஞ்சுக் கிழவர்கள், போர்த்துக்கீசியர் என்று கலவையான கூட்டம். யாரும் என்னை நீ யார் என்று கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

றெஜினா அக்கா எழுந்தார். நான் இடப்பக்கம், பிரெஞ்சு அம்மா வலப்பக்கம். அக்கா ஒரு வரி சொல்ல, நான் சொல்ல, அந்த அம்மா சொல்ல, அது மூன்று ஊர் தாண்டிப் போவது போலிருந்தது.

"நான் வந்த முதல் வரியம் அம்மா மன்னாரிலை செத்துப் போனா," என்றார். "எனக்குப் பேப்பர் சரிவரேல்லை, போக ஏலாது. அவருக்கு வேலையிலை லீவு குடுக்கேல்லை. நான் தனிய இருந்தனான். அப்ப இந்தச் சபையிலையிருந்து ரெண்டு பெண்டுகள் வந்தவை. கீழ்வீட்டுக்காரி சொல்லி வந்தவையாம். அவைக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒண்டும் கதைக்கேல்லை. ஏனங்களைக் கழுவினவை. சோறு காய்ச்சினவை. அது குழைஞ்சு கூழாப் போச்சு. ரெண்டு நாளைக்குப் பிறகு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். சோறு குழைய வைத்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. குழைந்தது அவருக்கு இத்தனை ஆண்டும் தெரியாதாம்.

"கடவுள் என்னை மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அக்கா அடுத்த வரிக்குப் போனார்: "இந்தச் சபை உண்மை எண்டு எனக்குத் தெரியும்."

நான் நின்றேன். "அவருக்குத் தெரியுமாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தப்பித்திருக்கலாம்; அதில் பொய் ஏதும் இருக்காது. பிரெஞ்சு அம்மா என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் முடித்துவிட்டார், இனி வேலை என்னுடையது. இதுவரை எல்லா வரியையும் "நான்" என்றே சொல்லிவிட்டு, இந்த ஒரு வரியில் மட்டும் நகர்ந்துகொண்டால், அவருடைய பேச்சை அங்கே நானே வெட்டியதாக ஆகும். "எனக்குத் தெரியும்" என்றே சொன்னேன். நான்கு ஆண்டு முன்பு தொண்டையில் நின்ற சொல், அன்று சிரமமில்லாமல் வந்தது. அது என்னுடையதல்ல என்பதால் வந்திருக்கலாம்.

இறங்கி வரும்போதுதான் பார்த்தேன், கடைசி வரிசையில், கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி சந்திரன் அண்ணா நின்றிருந்தார்.

திரும்பும் வழியில் பியர்ஃபித் பக்கம் ஒரு பாலத்தைக் கடந்தோம். அப்போது சந்திரன் அண்ணா அக்காவிடம் கேட்டார், "குழைஞ்ச சோத்துக் கதையை நீ எனக்குச் சொன்னதேயில்லை."

"நீங்கள் கேட்டதேயில்லை," என்றார் அக்கா. "அண்டைக்கு இரவு வந்து அந்தச் சோத்தைத்தான் நீங்களும் சாப்பிட்டனீங்கள். நல்லாயிருக்கு எண்டனீங்கள்," என்றார்.

சந்திரன் அண்ணா சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். நிலா ஏன் என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளுக்கு அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். லா சப்பல் கடைகள் காலை பத்துக்குப் பிறகுதான் முழுதாகத் திறக்கும். ஞாயிறு மாலை நிற்க இடமிருக்காது. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 15 யூரோ தாராளம். மதியச் சாப்பாடு 8 யூரோ, கொத்துரொட்டி 7. மெட்ரோச் சீட்டு ஒன்று 1.90, பத்தாக வாங்கினால் 14.90. கார் து நோர் பக்கம் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். மே மாதமானாலும் கம்பளிச் சட்டை வேண்டும். நான் அங்கே 12 யூரோவுக்கு வாங்கியதில் "பாரிஸ்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது, ஊரில் போட முடியவில்லை. தமிழில் வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். நம் பேச்சைக் கேட்டதும் "இந்தியாவோ" என்பார்கள். ஆமாம் என்றால் எந்த ஊர் என்று கேட்டு, அதற்குள் உங்களைக் கடை வாசல் வரை கொண்டு விட்டுவிடுவார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. அது அவர்களுக்குத் தேவைதானா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சந்தேகங்கள் இருக்கின்றன. விட்டது சரிதானா என்று சில ஞாயிறுகளில் தோன்றும், பெரும்பாலான ஞாயிறுகளில் தோன்றாது. அதை வைத்துக்கொண்டு நடமாட முடிகிறது.

ஊர் திரும்பியபின் றெஜினா அக்காவிடமிருந்து மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், தமிழில் ஒரு பக்கச் சாட்சி வருகிறது. நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன். பிரெஞ்சு அம்மா மீதியைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் வந்ததில் "கிருபை" என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்திருந்தது. எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று கேட்டேன். "முதலாவது கடவுளின்ரை. ரெண்டாவது கீழ்வீட்டுக்காரியின்ரை. ரெண்டுக்கும் வேறை வேறை சொல்லுப் போடுங்கோ தம்பி," என்று பதில் வந்தது. எல்டர் போய்த் தம்பி ஆகியிருந்தேன். உட்கார்ந்து, இரண்டு சொல் தேடினேன்.